அணைத்த பின்னும் கொதிக்கும் உலை

உலை என்னும் சொல் தமிழனுக்குப் புதிதன்று. அடுப்பின்மேல் நீர் கொதித்து அரிசிக்குக் காத்திருப்பது உலை. துருத்தியின் மூச்சில் கனன்று இரும்பைப் பழுக்கக் காய்ச்சுவதும் உலை. இவ்விரண்டிற்கும் பின்வந்த மூன்றாவதற்கும் நாம் அப்பெயரையே சூட்டி, அணு உலை என்றோம். பெயர் சூட்டியதோடு நம் கடமை முடிந்தது என்று இருந்துவிட்டோம். முதல் இரண்டு உலைகளைப் பற்றி நம் பாட்டிமார்க்கும் கொல்லர்க்கும் தெரிந்ததில் நூற்றில் ஒரு பங்குகூட மூன்றாம் உலையைப் பற்றி நமக்குத் தெரியாது. அவ்வுலையோ நம் கடற்கரையில், நம் மீனவர் குடியிருப்புகளுக்கு அருகில் நிற்கிறது.

சென்ற கோடை விடுமுறையில் என் பழைய மாணாக்கர் ஒருவர் மங்கலம்பேட்டையிலுள்ள என் இல்லத்திற்கு வந்தார். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். பிழைப்பு நாடி வெளிமாநிலம் சென்று, அங்கே ஓர் அணுமின் நிலையத்தில் ஒப்பந்தக்காரரிடம் கம்பி கட்டும் வேலை பார்ப்பவர். அவர் கையில் ஒரு சிறு சுவடி இருந்தது. ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே அச்சிட்ட சுவடி. நெருக்கடி நேரத்தில் தொழிலாளர் என்ன செய்யவேண்டும் என்பதைச் சொல்வதாம் அது. “ஐயா, இதைப் படித்துச் சொல்லுங்கள்” என்றார். படித்துச் சொன்னேன். உலை நிறுத்தப்பட்ட பின்னும் எச்சரிக்கை ஒலி கேட்டால் உடனே வெளியேறிக் குறித்த இடத்தில் கூடவேண்டும் என்றிருந்தது. அவர் கேட்டார்: “உலையைத்தான் நிறுத்திவிட்டார்களே ஐயா, பிறகு எதற்கு ஓட வேண்டும்?”

யான் விடை கூறவில்லை, கூறத் தெரியவில்லை. முப்பது ஆண்டுகளாகத் தமிழ் கற்பிப்பவன். ‘ரியாக்டர்’ என்று எவரேனும் சொன்னால் ‘அணு உலை என்று சொல்’ எனத் திருத்துபவன். திருத்தத் தெரிந்த எனக்கு அந்த உலை எப்படிக் கொதிக்கிறது என்று தெரியாது. “தம்பி, இரண்டு கிழமை கழித்து வா, சொல்கிறேன்” என்று அனுப்பினேன். அவ்விரண்டு கிழமையும் முதுகுன்றத்து நூலகத்திலும், அறிவியல் ஆசிரியராகிய நண்பர் ஒருவரிடமும் மாணாக்கனாக இருந்து கற்றேன். கற்றதையும், கற்றபின் நெஞ்சில் எழுந்த நாணத்தையும் இங்கே எழுதுகிறேன்.

நிறுத்தினாலும் நில்லாத வெப்பம்

நம் ஊர்க்கு அருகில் நெய்வேலி உள்ளது. அங்கே அனல் நிலையத்தில் நிலக்கரி ஊட்டுவதை நிறுத்தினால் நெருப்பு அடங்கும். கொதிகலன் மெல்ல ஆறும். அணு உலை அத்தகையதன்று. யுரேனிய அணுக்கள் பிளவுறும் தொடர்வினையை நொடிகளில் நிறுத்திவிடலாம். ஆனால் பிளந்த துண்டுகள் தாமே கதிர்வீசிச் சிதைந்துகொண்டே இருக்கின்றன; சிதையுந்தோறும் வெப்பம் தருகின்றன. அவ்வெப்பத்தை அணைக்க எந்தப் பொத்தானும் இல்லை. காலம் ஒன்றே அதனைத் தணிக்கும். இதனை எஞ்சுவெப்பம் என்போம்.

எவ்வளவு வெப்பம்? கூடங்குளத்தில் இயங்கும் ஓர் அலகு 1000 மெகாவாட்டு மின்சாரம் தருவது. அதற்கு உலையில் எழும் வெப்பம் 3000 மெகாவாட்டு. நிறுத்திய அந்த நொடியில் அதில் ஏறத்தாழ 6 முதல் 7 விழுக்காடு எஞ்சி நிற்கும். அஃதாவது 200 மெகாவாட்டு அளவு. ஒரு மணிநேரம் கழித்து 40 மெகாவாட்டு அளவு. ஒருநாள் கழிந்தும் 15 மெகாவாட்டு அளவு. இந்த 15 மெகாவாட்டை நீரைக் கொதிக்கவைத்தே போக்குவதாயின், நாளொன்றுக்கு 500 டன் நீர் ஆவியாக வேண்டும். கோடையில் நம் தெருவுக்கு வரும் 12,000 இலிட்டர் தண்ணீர் வண்டிகளில் நாற்பதுக்கு மேல், ஒருநாளும் தவறாமல், இரவும் பகலும் வந்து ஊற்றவேண்டும். மின்சாரம் இல்லை, இறைப்பிகள் ஓடவில்லை, சாலை உடைந்துகிடக்கிறது என்றால் அந்நீர் எங்கிருந்து வரும்? ‘நிறுத்திய பின் ஏன் ஓட வேண்டும்’ என்ற வினாவுக்கு முதல் விடை இதுவே.

தோசைக்கல்லும் கொல்லன் தொட்டியும்

“நீர் ஊற்றினால் போதும், வெப்பம் போய்விடும்” என்று எண்ணுவது எளிது. கொதித்தல் என்பது ஒரே தன்மையுடையதன்று என்பதை நம் வீட்டுத் தோசைக்கல் சொல்லும். கல் அளவாகக் காய்ந்திருக்கும்போது நீர் தெளித்தால் ‘சுர்’ என்று சீறி நொடியில் ஆவியாகும். கல் மிகக் காய்ந்துவிட்டால் அதே நீர் சீறுவதில்லை. முத்துமுத்தாய்த் திரண்டு கல்லின்மேல் உருண்டோடும். ஆவியாக நெடுநேரம் கொள்ளும். கல் சூடாகும் அளவுக்கு நீர் விரைந்து ஆவியாகவேண்டும் அல்லவா? நேர்மாறாக நிகழ்வதேன்? மிகச் சூடான கல்லைத் தொடுமுன்னரே நீர்த்துளியின் அடிப்பக்கம் ஆவியாகி, துளிக்கும் கல்லுக்கும் இடையே மெல்லிய ஆவிப்போர்வை விரிந்துவிடுகிறது. ஆவி வெப்பத்தை எளிதிற் கடத்தாது. நீர் அருகிலிருந்தும் கல் ஆறுவதில்லை.

கொல்லர் பட்டறையில் இதையே பெரிதாகக் காணலாம். செந்நிறமாய்ப் பழுத்த இரும்பை நீர்த்தொட்டியில் தோய்த்தவுடன் பெருங்கொதிப்பு எழுவதில்லை. முதலில் இரும்பைச் சுற்றி ஆவியுறை படர்கிறது. இரும்பு உள்ளே தயங்கித் தயங்கி ஆறுகிறது. ஓர் எல்லைக்குக் கீழே சூடு இறங்கியதும் உறை கிழிகிறது, நீர் இரும்பைத் தொடுகிறது, தொட்டி முழங்குகிறது. இரும்பு உண்மையாக ஆறுவது அப்போதுதான். இவ்வேறுபாடு நம் கொல்லரின் காதுக்குத் தெரியும்.

செருமானிய மருத்துவர் இலெய்டன்பிராசுட்டு, பழுக்கக் காய்ந்த இரும்புக் கரண்டியில் நீர்த்துளி விட்டுக் கண்ட இதனை 1756இல் எழுதிவைத்தார். 1934இல் சப்பானியப் பேராசிரியர் சிரோ நுகியாமா, நீரில் அமிழ்த்திய மெல்லிய கம்பியில் மின்சாரம் செலுத்திச் சூடேற்றி, கொதிப்பின் ஒவ்வொரு நிலையையும் அளந்தார். குமிழிகள் எழும் கொதிப்பு ஓர் உச்சம்வரை வெப்பத்தை அள்ளிச் செல்கிறது; அவ்வுச்சத்தைத் தாண்டினால் ஆவிப்போர்வை மூடிக்கொள்கிறது; கம்பியின் சூடு திடுமென ஏறிக் கம்பியே உருகிப்போகவும் கூடும். உலகெங்கும் இன்று கொதிகலன் பயில்வோர் முதற்பாடமாகக் கற்கும் கொதிப்பு வளைகோடு அவர் காட்டியதே. அணு உலையின் எரிபொருட்கோல்களும் அந்தக் கம்பியைப் போன்றனவே. உச்சத்துக்குக் கீழே இருக்கும்வரை காப்பு. மேலே போனால் கேடு.

தமிழர் கருத்தில் இருத்தவேண்டிய ஒன்று இங்குண்டு. நுகியாமா அக்கட்டுரையைத் தம் தாய்மொழியாகிய சப்பானியத்தில் எழுதினார். ஆங்கிலம் அறிந்தோர் அதனை ஆங்கிலத்தில் பெயர்த்து வெளியிட்டது 1966இல். 32 ஆண்டுகள் கழித்து உலகம் அவர் மொழியின் வாயிலுக்கு வந்து பெற்றுச் சென்றது. ‘தாய்மொழியில் அறிவியல் வளராது’ என்போர்க்கு இதைவிட வேறு விடை வேண்டுமோ?

இடிபாட்டுக் குவியல்

நீர் வற்றி எரிபொருட்கோல்கள் வெளியே தெரியத் தொடங்கினால் என்ன நிகழும்? கோல்களின் உறை சிர்க்கோனியம் என்னும் மாழையால் ஆயது. ஏறத்தாழ 1200 பாகை செல்சியசுக்கு மேல் அது நீராவியோடு கடுமையாக வினைபுரிந்து, மேலும் வெப்பத்தையும் வெடிக்கவல்ல நீரக வளியையும் தரும். சூடு மேலும் ஏறின், ஏறத்தாழ 2800 பாகையில் யுரேனிய எரிபொருளே உருகும். உருகியது உறையையும் இரும்பையும் கலந்துகொண்டு எரிமலைக் குழம்புபோல் அடியை நோக்கி இறங்கும். அடியில் நீர் இருந்தால் அதில் விழுந்து நொறுங்கிச் சரளையும் மணலுமாகக் குவியும். உலையின் இடிபாடு என்பது இதுவே. இக்குவியலும் எஞ்சுவெப்பத்தால் தானே சூடேறிக்கொண்டிருக்கும்.

இதனை விளங்கிக்கொள்ள நம்மவர்க்குக் காளவாய்ச் சுண்ணாம்பே போதும். சுட்ட கற்களைக் குவித்து நீர் தெளித்து நீற்றும்போது குவியல் தானே சூடேறி நீரைக் கொதிக்கவைப்பதைப் பார்த்திருக்கிறோம். மேலே நனைந்து கிடக்கும். உள்ளே கையிட்டால் உலர்ந்து கொதிக்கும். மேலிருந்து இறங்கும் நீரை உள்ளிருந்து ஏறும் ஆவி எதிர்த்துத் தள்ளுவதே அதற்குக் கரணியம். ஒரே சந்தில் ஒருவர் இறங்கவும் ஒருவர் ஏறவும் முயல்வது போன்றது இது. உலை இடிபாட்டிலும் இப்போரே நடக்கிறது. சுண்ணாம்பின் சூடு நீர் பட்டு எழுந்து சிறிது நேரத்தில் ஓயும். இதன் சூடோ நீர் பட்டாலும் படாவிட்டாலும் உள்ளிருந்து ஊறிக்கொண்டே இருக்கும். வேறுபாடு அவ்வளவே. ஆவி வெல்லும் இடத்தில் குவியலின் உட்பகுதி உலர்ந்துபோகும். உலர்ந்த இடம் மீண்டும் உருகும்.

எனவே எந்தக் குவியல் ஆறும், எது ஆறாது என்பது உயிரைக் காக்கும் கேள்வி. துண்டுகள் சரளைபோல் பருத்திருந்தால் இடைவெளி மிகும், நீர் இறங்கும். நொய்போல் பொடிந்திருந்தால் நீர் தயங்கும், விரைவில் உலரும். மேலிருந்து மட்டும் ஊற்றுவதைவிட, அடியிலிருந்து நீர் ஊறிவர வழிசெய்தால் ஆவியும் நீரும் ஒரே திசையில் செல்லும். குவியல் நன்றாக ஆறும். உயர்ந்த குவியலைவிடப் பரந்த குவியல் நன்று. ஈரநெல்லை மேடாகக் குவித்தால் நடுவில் சூடேறும், களத்தில் பரப்பினால் ஆறும் என்பதை அறியாத உழவன் நம் தென்னார்க்காட்டு மண்ணில் உண்டோ? பிரெஞ்சு நாட்டார் வகுத்த புதிய உலையில், உருகியது 170 சதுர மீட்டர் தளத்தில் பரவி ஆறுமாறு அமைத்திருப்பதும் இந்தக் களத்து அறிவே.

உலகம் கற்ற மூன்று பாடங்கள்

1979 மார்ச்சு 28இல் அமெரிக்காவில் திரீமைல் தீவு நிலையத்தில் அழுத்தம் தணிக்கும் வாய் ஒன்று திறந்தபடியே சிக்கிக்கொண்டது. நீர் வெளியேறிக்கொண்டிருந்தது. அளவுகருவி காட்டியதைத் தவறாகப் புரிந்துகொண்ட இயக்குநர்கள், உள்ளே நீர் மிகுதி என்று எண்ணி, காக்க வந்த நெருக்கடி நீரைக் குறைத்தனர். உலைக்கருவில் ஏறத்தாழ பாதி உருகியது. அதில் 20 டன் அளவு உலைக்கலத்தின் அடியில் வந்து தங்கியது. கலத்தின் அடிச்சுவரில் ஓரிடம் 1100 பாகை அளவு சூடேறி, பின்னர் ஆறியது. கலம் உடையவில்லை. உருகி இறுகிய ஓட்டுக்கும் கலத்தின் சுவருக்கும் இடையே நீர் நுழைந்து ஆற்றியிருக்கவேண்டும் என்பது ஆய்ந்தோர் கூறிய விளக்கங்களுள் முதன்மையானது. கட்டியவர் எண்ணிப்பாராத ஒரு சிறு இடுக்கு கலம் உடையாமல் தடுத்திருக்கலாம். அந்த இடுக்கைப் பற்றிப் பின்னர் ஆய்வுகள் நடந்தன.

1986 ஏப்பிரல் 26இல் செர்நோபிலில் உருகிய குழம்பு உலைக்கு அடியிலுள்ள அறைகளுக்குள் வழிந்தோடியது. கீழே தேங்கிய நீரில் அது விழுந்தால் ஆவி வெடிப்பு நேருமோ என அஞ்சி, நீரை வடிக்க ஆள்களை அனுப்பினர். ஓரிடத்தில் உயிரைக் காக்கும் நீரே பிறிதோரிடத்தில் உயிருக்கு இறுதி ஆகலாம் என்பதை அது காட்டிற்று.

2011 மார்ச்சு 11இல் சப்பானின் புக்குசிமாவில் ஆழிப்பேரலை, நெருக்கடி மின்னாக்கிகளை மூழ்கடித்தது. மூன்று உலைகளும் ஒழுங்காக நிறுத்தப்பட்டவையே. நிறுத்திய உலைகளே உருகின. தீயணைப்பு வண்டிகளால் கடல்நீரை இறைத்தனர். அதிலும் ஒரு பகுதி உலைக்கருவைச் சேரவில்லை. அங்கே எஞ்சிய இடிபாடு 880 டன் என மதிப்பிட்டுள்ளனர். அதிலிருந்து முதன்முதலாக ஒரு துணுக்கை வெளியே எடுத்தது 2024 நவம்பரில். அதன் எடை ஒரு கிராமுக்கும் குறைவு! பதின்மூன்று ஆண்டுகளுக்கு ஒரு கிராம்கூட இல்லை என்றால், 880 டன்னுக்கு எத்தனை தலைமுறை?

நுகியாமா கொதிப்பை அளந்த செண்டாய் நகரமும் புக்குசிமாவும் சப்பானின் ஒரே வடகிழக்குப் பகுதியைச் சேர்ந்தவை. தாய்மொழியில் அறிவு இருந்தும் உலை உருகியது. மொழி உலையைக் குளிர்விக்காது என்பதை மறைக்காமல் ஒப்புகிறேன். ஆனால் என்ன நிகழ்ந்தது, யார் தவறினர், எங்கே நீர் சேரவில்லை என்பதைப் பின்னர்த் தங்கள் மொழியிலேயே ஆய்ந்து, தங்கள் மொழியிலேயே அச்சிட்டு, தங்கள் மக்கள்முன் வைக்க அவர்களால் முடிந்தது. மீனவரும் உழவரும் அதைப் படித்து வினவ முடிந்தது. நம் மீனவர்க்கு அது முடியுமா?

நம் கரையில்

2004 திசம்பர் 26ஐக் கடலூர்க் கரை மறக்கவில்லை. தேவனாம்பட்டினத்தில் நம் உறவுகளை அலை வாரிச் சென்ற அதே காலையில், வடக்கே கல்பாக்கத்தில் சென்னை அணுமின் நிலையத்தின் இரண்டாம் அலகு இயங்கிக்கொண்டிருந்தது. கடல்நீர் இறைப்பிகள் இருந்த கூடத்துள் அலை புகுந்தது. உலை நிறுத்தப்பட்டது, எஞ்சுவெப்பத்தை ஆற்றும் ஏற்பாடுகள் தொடர்ந்து இயங்கின, கேடு நேரவில்லை. பணியாற்றியவர்களின் திறத்தைப் பாராட்டுவோம். அன்று கல்பாக்கக் குடியிருப்பிலேயே பலர் அலையில் மாண்டனர். ஆனால் நிறுத்திய உலைக்கும் நீர் வேண்டும் என்பதை அன்று நம்முள் எத்தனை பேர் அறிந்திருந்தோம்? அறியாததால் அஞ்சவும் இல்லை. அறியாததால் நன்றி கூறவும் இல்லை.

கூடங்குளத்து உலைகளில் உருகலை ஏந்தும் கலம் ஒன்றை உலைக்கு அடியில் அமைத்துள்ளனர். இவ்வகைக் கலத்தில் இரும்பு, அலுமினிய உயிரகைகளாலான கற்கள் அடுக்கப்பட்டிருக்கும். அவை தம்மைக் கரைத்து உருகலோடு கலந்து, அதன் வெம்மையைத் தணிக்கும்; எடை மிகுந்த மாழையைக் கீழே இறக்கி எடை குறைந்ததை மேலே கொணரும்; அதன்பின் மேலே நீர் விடலாம். மின்சாரமே இல்லாவிடினும், ஆவி தானே மேலேறி வெளிக்காற்றில் ஆறி நீராகித் தானே திரும்பும் ஏற்பாடும் அங்குண்டு. கல்பாக்கத்து 500 மெகாவாட்டு ஈனுலையோ வேறு வகை. 2024 மார்ச்சில் உலைக்கரு நிரப்பும் பணி தொடங்கிய அவ்வுலையில் குளிர்விப்பது நீரன்று, உருகிய சோடியம். அது ஏறத்தாழ 880 பாகையிலேயே கொதிக்கும் என்பது அதன் நன்மை. காற்றில் எரியும், நீரோடு வெடிக்கும் என்பது அதன் தீமை. அங்கும் இடிபாட்டை ஏந்தும் தட்டு ஒன்று சோடியத்துள்ளேயே வைக்கப்பட்டுள்ளது. உருகல் சோடியத்தில் விழுந்து எவ்வாறு நொறுங்கும், எவ்வாறு ஆறும் என்பதைக் கல்பாக்கத்திலேயே ஆய்கின்றனர்.

இவை நம் மண்ணில் நடக்கும் ஆய்வுகள். நம் பிள்ளைகள் பலரும் செய்யும் ஆய்வுகள். பெருமை கொள்ளத்தக்கன. ஆனால் அவை எம்மொழியில் எழுதப்படுகின்றன? கல்பாக்கத்து ஆய்வாளர் ஒருவர் தம் அன்னையிடம் சென்று, ‘அம்மா, நான் செய்வது தோசைக்கல்லின்மேல் நீர்த்துளி ஏன் உருள்கிறது என்னும் ஆய்வு’ என்று சொன்னால் அன்னை புரிந்துகொள்வார். அப்படிச் சொல்லும் வழக்கம் நம்மிடம் இல்லை.

புக்குசிமாவுக்குப் பின், 2011இல் இடிந்தகரை மக்கள் எழுந்து வினவினர். அவர்கள் வினவியதில் என் மாணாக்கரின் வினாவும் அடங்கும்: நிறுத்திய பின் என்ன ஆகும்? விடைக்கு மாறாக, ஆயிரக்கணக்கானோர்மீது நாட்டுப்பகை வழக்குகள் பாய்ந்தன. 2012 ஏப்பிரலில் நடுவண் தகவல் ஆணையம், கூடங்குளத்தின் காப்பு ஆய்வறிக்கையை, வணிக மறைபொருள்களை நீக்கிவிட்டு வெளியிடுமாறு ஆணையிட்டது. அணுமின் கழகமோ அவ்வாணையை எதிர்த்துத் தில்லி உயர் வழக்குமன்றத்தை நாடியது. 2006ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் அறிவிக்கையோ, மக்கள் கருத்துக் கேட்புக்கு முன் அறிக்கையின் சுருக்கம் மட்டும் வட்டார மொழியில் இருந்தால் போதும் என்கிறது. முழு அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கலாமாம். அதனை மாற்றும் 2020ஆம் ஆண்டு வரைவையே ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் வெளியிட்டனர். 22 மொழிகளிலும் பெயர்க்குமாறு 2020 சூனில் தில்லி உயர் வழக்குமன்றம் சொல்லவேண்டியதாயிற்று. சுருக்கம் தமிழனுக்கு, முழுமை பிறர்க்கு. இடர் மட்டும் முழுமையாகத் தமிழனுக்கு. இஃது எவ்வூர் முறை?

நம் குற்றம்

அரசைக் குற்றஞ்சாட்டுவது எளிது. நம் பக்கத்துக் குற்றத்தையும் சொல்லாவிடின் யான் நேர்மையற்றவன் ஆவேன். தமிழ் இயக்கத்தார் நாம் சொல்லாக்கத்தில் காட்டிய விரைவைப் பொருளாக்கத்தில் காட்டவில்லை. பொருளை அறியாமலே பெயரை மாற்றினோம். அவ்வாறு செய்த சொல், பிறமொழிச் சொல்லினும் அயலாகி, பட்டியலில் உறங்குகிறது. கொதிப்பைப் பார்த்தவன் படைத்தால்தான் சொல் கொதிக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிசுக்கு கிறீன் மேலைமருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார். நூல்களைத் தமிழில் ஆக்கினார். அவர் உடலை அறிந்தவர். ஆகலின் அவர் தந்த சொல்லுக்கு உடல் இருந்தது. அயல்நாட்டார் ஒருவர்க்கு இயன்றது நமக்கு இயலாதா?

எஞ்சுவெப்பம், ஆவிப்போர்வை, உச்சக்கொதிப்பு, உலர்வெல்லை, இடிபாட்டுப்படுகை, உருகலேந்தி. மேலே யான் கூறியவற்றைச் சுருக்கிச் சொல்ல இந்த ஆறு சொற்கள் போதும். இவற்றுள் அடுக்களையிலோ பட்டறையிலோ களத்திலோ வேரில்லாத சொல் ஒன்றேனும் உண்டோ? இவற்றினும் சிறந்தவை உளவேல் அறிந்தோர் தருக, மகிழ்ந்து ஏற்பேன்.

“இவை வல்லுநர்க்கு உரியவை, பொதுமக்களுக்கு எதற்கு?” என்பார் உளர். திரீமைல் தீவில் தவறாகப் புரிந்துகொண்டவர்கள் பயிற்சி பெற்றவர்களே. நேர்ச்சி நாளில் கதவை அடைப்பதா, ஊரைவிட்டு வெளியேறுவதா, எத்திசையில் செல்வது என்று முடிவெடுத்து நடக்கவேண்டியவர்கள் வல்லுநர் அல்லர். அவ்வூர்த் தாய்மாரும் மீனவரும் பள்ளி ஆசிரியரும் ஆவர். புரியாத கட்டளையை மக்கள் நம்பமாட்டார்கள். நம்பாத கட்டளைக்கு நடக்கவும் மாட்டார்கள். அச்சத்தையும் பொய்ச்செய்தியையும் போக்கவல்லது அறிவு ஒன்றே. அவ்வறிவு தாய்மொழியில் வந்தாலன்றி நெருக்கடி நேரத்தில் கைகொடாது.

எனவே நாம் கேட்கவேண்டுவன நான்கு. கல்பாக்கம், கூடங்குளம் இரண்டின் நெருக்கடித் திட்டங்களும் சுருக்கமாக அன்று, முழுமையாகத் தமிழில் ஊராட்சிதோறும் கிடைத்தல் வேண்டும். காப்பு ஆய்வறிக்கைகள், மறைக்கத்தக்கன நீங்கலாக, தமிழில் வெளிவருதல் வேண்டும். எந்த மாநிலத்தில் வேலை செய்தாலும், ஒப்பந்தத் தொழிலாளிக்கு அவன் தாய்மொழியில் காப்புச் சுவடி தருவதைச் சட்டக் கடமையாக்கல் வேண்டும். நான்காவது நம்மை நாமே கேட்கவேண்டியது: ஒவ்வொரு பள்ளியிலும் தமிழாசிரியரும் அறிவியலாசிரியரும் திங்களுக்கு ஒருநாள் ஒன்றாக அமர்ந்து, ஒரு பொருளையேனும் முழுதாகத் தமிழில் விளக்கி எழுதுதல் வேண்டும். முதல் மூன்றும் அரசுகளின் கையில்; நான்காவதற்கு எவர் இசைவும் வேண்டா.

இரண்டு கிழமை கழித்து அந்த இளைஞர் வந்தார். என் மனையாளிடம் தோசைக்கல்லைக் கேட்டு வாங்கி, அடுப்பில் ஏற்றி, நீர் தெளித்துக் காட்டினேன். துளி உருண்டோடியதைக் கண்டதும் அவர் முகம் மாறியது. நாற்பது தண்ணீர் வண்டிகளின் கணக்கைச் சொன்னேன். நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு, “இப்போது தெரிகிறது ஐயா, ஊதல் ஒலித்தால் முதலில் நான்தான் ஓடுவேன், எல்லாரையும் கூட்டிக்கொண்டு ஓடுவேன். இதை எங்கள் ஆள்களுக்கு எழுதித் தாருங்கள்” என்றார். நான்கு பக்கம் எழுதித் தந்தேன். முப்பது ஆண்டு ஆசிரியப் பணியில் யான் எழுதியவற்றுள் ஓர் உயிரைக் காக்கக்கூடியது அந்த நான்கு பக்கமே எனத் தோன்றுகிறது.

தமிழாசிரியர்களே! உலை என்னும் சொல்லை நம் முன்னோர் அடுப்படியிலும் பட்டறையிலும் வாழ்ந்து பெற்றனர். மூன்றாம் உலையின் பொருளையும் அவ்வாறே பெற்று நம் மக்களுக்குத் தருவோம். நேர்ச்சி வருமுன் அதைச் செய்வோம்.